2,500 ராண்டுக்குள் அம்மாவுக்கு ஒரு போன்: எதைப் பார்த்து வாங்குவது?

தென்னாப்பிரிக்காவில், பீட்டர்மாரிட்ஸ்பர்க் நார்த்டேலிலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார். அம்மாவுக்கு 67 வயது. கையில் இருக்கும் போன் எந்நேரமும் "இடமில்லை" என்கிறது, வாட்ஸ்அப்பைத் தொட்டால் திறக்க ஒரு யுகம் ஆகிறது. கையில் இருப்பது 2,500 ராண்ட். அம்மாவுக்கு வேண்டியது வாட்ஸ்அப், சென்னையில் இருக்கும் சொந்தக்காரர்களோடு வீடியோ கால், பேங்க் ஆப், யூடியூபில் பக்திப் பாட்டு, தமிழில் நாலு வரி டைப் அடிக்க ஒரு வழி. அண்ணன் பழைய பெரிய சாம்சங் ஒன்றைக் கைமாற்றாக வாங்கலாம் என்கிறார், சென்னையிலிருந்து வரும் சித்தி மகன் அங்கே விலை மலிவு, நான் வாங்கி வருகிறேன் என்கிறார், கடைக்காரர் மாதாமாதம் பணம் கட்டும் கான்ட்ராக்ட் போடச் சொல்கிறார். யார் பேச்சைக் கேட்பது?

முதலில் பதிலைச் சொல்லிவிடுகிறேன். மூவர் பேச்சையும் கேட்க வேண்டாம். புதிய போன், 4ஜி, நிஜமான 4 ஜிபி ரேம் (ஆப்புகள் ஓடும்போது பிடித்துக்கொள்ளும் தற்காலிக நினைவகம்), முடிந்தால் 128 ஜிபி ஸ்டோரேஜ், இன்னும் சில வருஷத்துக்குப் பாதுகாப்பு அப்டேட் வரும் மாடல், நம் ஊர்க் கடையில், ரொக்கத்துக்கு. கேமரா எத்தனை மெகாபிக்சல் என்ற கேள்வியைக் கடையில் எழுப்பவே வேண்டாம்.

ஸ்டோரேஜை ஏன் இவ்வளவு பிடித்துக்கொள்கிறேன் என்றால், "மெதுவாகிவிட்டது, புதுசு வாங்கணுமா" என்று என் ரிப்பேர் பெஞ்சுக்கு வரும் விலைகுறைந்த போன்களில் பெரும்பாலானவை கெட்டுப்போனவை அல்ல, நிரம்பிப்போனவை. 32 ஜிபி என்று பெட்டியில் போட்டிருக்கும், அதில் கிட்டத்தட்ட பாதியை ஆண்ட்ராய்டும் கம்பெனி தானே ஏற்றி அனுப்பும் ஆப்புகளும் எடுத்துக்கொள்ளும், மிச்சத்தில்தான் அம்மா குடித்தனம் நடத்த வேண்டும். தைப்பூசம் வந்தால் ஒரே காவடி வீடியோ கோயில் குரூப்பில் வரும், குடும்பக் குரூப்பில் வரும், டர்பனில் இருக்கும் பெரியம்மா தனியாக வேறு அனுப்புவார், ஆடி மாதக் கஞ்சிப் பூசைக்கும் அதே கதை. எல்லாம் தானாக இறங்கி உள்ளே உட்கார்ந்துகொள்ளும். போனின் ஸ்டோரேஜ் சிப் புதிதாக எழுதக் கொஞ்சம் காலி இடத்தை வைத்துக்கொண்டுதான் வேலை செய்யும், அந்த இடமும் போய்விட்டால் டைப் அடிப்பதிலிருந்து கால் எடுப்பது வரை எல்லாமே தள்ளாடும். மலிவு போன்களில் போடும் சிப் பெரும்பாலும் இஎம்எம்சி என்ற பழைய ரகம், விலை கூடிய போன்களில் உள்ள யுஎஃப்எஸ் அளவுக்கு வேகம் கிடையாது, அதனால் இங்கே நெருக்கடி இன்னும் சீக்கிரம் தெரியும்.

எஸ்டி கார்டு போட்டுக்கொள்ளலாமே என்பார்கள். போடுங்கள், எடுத்த போட்டோக்களை வைக்க நல்லது. ஆனால் வாட்ஸ்அப் தன் சாமான்களை உள் ஸ்டோரேஜில்தான் வைக்கும், பெரும்பாலான ஆப்புகளும் கார்டுக்கு நகராது. 32-ஐ வாங்கிக் கார்டு போடுவதும் 128-ஐ வாங்குவதும் ஒன்றல்ல. 64 ஜிபி என்றால் அம்மாவைப் போன்றவர்களுக்குச் சமாளிக்கலாம், அதற்குக் கீழே இறங்காதீர்கள்.

இன்னொன்று, புதுசு வாங்குவதற்கு முன்னால் பழைய போனிலேயே ஒரு காரியம் செய்து பாருங்கள். வாட்ஸ்அப் அமைப்புகளில் ஸ்டோரேஜும் டேட்டாவும் என்ற பகுதிக்குப் போய் மீடியா தானாக இறங்குவதை நிறுத்துங்கள், அங்கேயே எந்தக் குரூப் எவ்வளவு இடம் பிடித்திருக்கிறது, 5 எம்பிக்கு மேற்பட்ட கோப்புகள் எவை என்று வரிசையாகக் காட்டும், வேண்டாததை அழியுங்கள். அதோடு சரியாகிவிட்டால் 2,500 ராண்ட் மிச்சம். எனக்கு ஒரு விற்பனை போனாலும் பரவாயில்லை.

சரி, ரேம். 4 ஜிபி போதும், ஆனால் அது நிஜ 4 ஆக இருக்க வேண்டும். பெட்டியில் பெரிய எழுத்தில் 8 ஜிபி என்று இருக்கும், அதன் கீழே கண்ணுக்குத் தெரியாத எழுத்தில் 4 கூட்டல் 4 என்று இருக்கும். இரண்டாவது 4 ரேமே அல்ல, ஸ்டோரேஜில் ஒரு பகுதியை ஒதுக்கி ரேம் மாதிரி நடிக்க வைப்பது. ஏற்கனவே மெதுவான ஸ்டோரேஜ், அதில் இந்த நடிப்பு வேறு! சில பெட்டிகளில் 2 கூட்டல் 2-ஐ 4 என்றே எழுதியிருப்பார்கள், அங்கேதான் நம் ஆட்கள் ஏமாறுகிறார்கள். கடைக்காரரிடம் கூட்டல் போடாமல் எவ்வளவு என்று கேளுங்கள்.

கேமரா பற்றி இரண்டே வார்த்தை. 50 மெகாபிக்சல் என்று போட்டாலும் வழக்கமாக நான்கு புள்ளிகளை ஒன்றாகச் சேர்த்து 12 மெகாபிக்சல் சுமாருக்குத்தான் படம் விழும், பக்கத்தில் இருக்கும் கூடுதல் கண்களில் பாதி அலங்காரத்துக்கு. அம்மா பேரப்பிள்ளையைப் படம் எடுக்க எந்தப் போனும் போதும். வீடியோ காலுக்கு முன்பக்கக் கேமராதான் முக்கியம், கடையிலேயே திருப்பி முகத்தைப் பாருங்கள்.

பாதுகாப்பு அப்டேட், அதாவது போனில் தெரியவரும் ஓட்டைகளைக் கம்பெனி அடைத்து அனுப்பும் விஷயத்தை, நம் வீடுகளில் யாரும் கேட்பதே இல்லை. வாட்ஸ்அப்பைப் பொறுத்தவரை பயமில்லை, 2023 அக்டோபரிலிருந்து ஆண்ட்ராய்டு 5-க்குக் கீழே உள்ளவற்றைத்தான் அது கைவிட்டது, அவ்வளவு பழைய போன் அம்மாவிடம் இருக்காது. ஆனால் பேங்க் ஆப் அப்படியல்ல, பழைய ஆண்ட்ராய்டைப் பேங்குகள் ஒவ்வொன்றாக ஒதுக்கிக்கொண்டே வரும். பென்ஷன் பணம் இருக்கும் கணக்கை அப்டேட் நின்றுபோன போனில் வைத்திருப்பது எனக்குச் சம்மதமில்லை. எடுத்துக்காட்டுக்கு, 2024-ல் வந்த சாம்சங் ஏ06-க்கு நான்கு வருஷப் பாதுகாப்பு அப்டேட் என்று கம்பெனி சொல்லியிருக்கிறது, 5,000 எம்ஏஎச் பேட்டரி, பக்கவாட்டில் கைரேகைப் பொத்தான், எஸ்டி கார்டுக்கும் இடம். அந்த வகையறா உங்கள் அம்மாவுக்குச் சரியாக இருக்கும், அதற்கு அடுத்து வந்த மாடல் அதே விலையில் கிடைத்தால் அதையே எடுங்கள். கொஞ்சம் பணம் கூடப் போட முடிந்தால் ஏ16, அதற்கு ஆறு வருஷம். வேறு கம்பெனி பிடித்திருந்தால் தாராளமாக வாங்குங்கள், ஆனால் இந்த மாடலுக்கு எத்தனை வருஷம் அப்டேட் என்று கேட்டு, கடைக்காரர் முழித்தால் கம்பெனியின் தளத்தில் நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

ஹுவாவே நம் நாட்டில் நிறைய விற்கிறது, போனும் திடமானது. ஆனால் 2019-ல் அமெரிக்கா போட்ட தடைக்குப் பிறகு வந்த மாடல்களில் கூகுள் கிடையாது. யூடியூப், மேப்ஸ், பிளே ஸ்டோர் எல்லாம் சுற்றுவழியில்தான். நீங்கள் பக்கத்திலேயே இருந்து பார்த்துக்கொள்வீர்கள் என்றால் சரி, அம்மா தனியாக இருக்கிறார் என்றால் வேண்டாம்.

5ஜி-க்குக் காசு கொடுக்காதீர்கள். இந்த விலையில் 5ஜி என்று எழுதினால் வேறு எங்கோ கை வைத்திருப்பார்கள். ஆனால் 4ஜி-யிலேயே பேசும் வசதி, கடையில் வோல்ட்டி என்பார்கள், அது நம் நெட்வொர்க்கில் வேலை செய்ய வேண்டும். இல்லாவிட்டால் ஒவ்வொரு காலுக்கும் போன் 3ஜி-க்கோ 2ஜி-க்கோ இறங்கும், அந்தப் பழைய நெட்வொர்க்குகளை மூடும் பேச்சு இங்கே நடந்துகொண்டிருக்கிறது.

இப்போது சித்தி மகனுக்கு வருவோம், ஏனென்றால் அந்த 4ஜி விஷயம்தான் அவர் திட்டத்தையும் கவிழ்க்கிறது. 2022 மார்ச்சில் இங்கே 700, 800 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசைகளை ஏலம் விட்டார்கள். இவை தூரம் போகும், சுவரைத் தாண்டி வீட்டுக்குள் வரும், மேடு பள்ளமான பீட்டர்மாரிட்ஸ்பர்க் பக்கத்துக்கு இது பெரிய உதவி. போனின் விவரப் பட்டியலில் இவை பேண்ட் 28, பேண்ட் 20 என்று இருக்கும். இந்தியாவுக்கென்று செய்த போன்களில் பேண்ட் 20 இல்லாமல் வருவது சகஜம். சமையலறைக்குப் போனால் சிக்னல் போய்விடுகிறது என்று அம்மா சொன்னால் காரணம் இதுவாகக்கூட இருக்கும். வோல்ட்டியும் வெளிநாட்டுப் போன்களில் நம் நெட்வொர்க்கோடு ஒத்துப்போகாமல் போகலாம், வாரண்டிக்குச் சென்னைக்கா அனுப்ப முடியும்? சார்ஜர் பின்னும் இங்கே பொருந்தாமல் போகலாம். இல்லை, அவர் ஏற்கனவே வாங்கிவிட்டார், மனசு கஷ்டப்படும் என்றால், சாம்சங்காக இருக்கும் பட்சத்தில் விமானம் ஏறுவதற்கு முன் இந்திய சிம் போட்டு மொத்தம் ஐந்து நிமிஷத்துக்கு மேல் பேசிவிடச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் இங்கே சிம் பூட்டு மாட்டிக்கொள்ளும்.

அண்ணன் சொல்வதில் நியாயம் இல்லாமல் இல்லை. நல்ல திரை, நல்ல கேமரா, வேகமான ஸ்டோரேஜ், எல்லாம் பாதி விலைக்கு. எனக்கோ உங்கள் அண்ணனுக்கோ அது சரிப்படும். ஆனால் 2,500 ராண்டுக்குக் கிடைக்கும் பெரிய சாம்சங் எந்த வருஷத்தது என்று பாருங்கள்: 2019-ல் வந்த எஸ்10-க்கு நான்கு வருஷத்தில் அப்டேட் நின்றுவிட்டது. பேட்டரியும் அத்தனை வருஷம் உழைத்திருக்கும், மாற்றினால் அதற்கு ஒரு செலவு. அதையும் மீறி வாங்குவதானால், *#06# அடித்து வரும் ஐஎம்இஐ எண்ணை, அதாவது அந்தப் போனின் தனி அடையாள எண்ணை, நெட்வொர்க்கில் கொடுத்துத் திருட்டுப் பட்டியலில் இல்லை என்று உறுதி செய்துகொள்ளுங்கள், பட்டியலில் ஏறிய போன் நாட்டில் எந்த நெட்வொர்க்கிலும் ஓடாது. விற்பவர் உங்கள் கண்ணெதிரே தன் கூகுள் கணக்கை நீக்கிவிட்டு போனைத் துடைத்துத் தர வேண்டும், நீக்காமல் துடைத்தால் அவர் பாஸ்வேர்டு இல்லாமல் திறக்காமல் போகலாம். பழைய பொருள் விற்கும் கடைகள் 2009-ம் வருஷச் சட்டப்படி போலீஸில் பதிவு செய்திருக்க வேண்டும், பதிவு இருக்கிறதா என்று கேட்பதில் கூச்சம் வேண்டாம். கேட்டதும் முகம் மாறும் கடையிலிருந்து வெளியே வந்துவிடுங்கள்.

கான்ட்ராக்ட் கணக்கு சுலபம். மாதம் 199 ராண்ட்தானே என்று தோன்றும், 24 மாதத்துக்கு 4,776 ராண்ட். அதில் டேட்டாவும் சேர்ந்திருக்கும் என்பார்கள், அம்மா வீட்டு வைஃபையில் இருப்பவர் என்றால் அந்த டேட்டா யாருக்கு? நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி 20 வேலை நாள் முன்னறிவிப்பு கொடுத்து நடுவில் விலகலாம், ஆனால் போனின் மீதிக் காசும் விலகல் கட்டணமும் கட்ட வேண்டிவரும். கையில் 2,500 வைத்துக்கொண்டு இதற்குள் எதற்குப் போக வேண்டும்?

வாங்கும் இடம். 2025 ஏப்ரல் 1-லிருந்து 2,500 ராண்ட் வரையிலான ஸ்மார்ட்போன்களுக்கு 9 சதவீத ஆடம்பர வரி கிடையாது, 15 சதவீத வாட் மட்டும் இருக்கிறது. அந்த 2,500 என்பது நாட்டுக்குள் அனுப்பும்போது உள்ள விலை, கடை விலை அல்ல, அதனால் 2,500-க்கு மேல் ஒட்டியிருக்கும் சில போன்களுக்கும் வரி இல்லாமல் இருக்கும். ஒரே போனுக்கு விலை கடைக்குக் கடை மாறுகிறது, சங்கிலிக் கடைகளின் தள்ளுபடித் தாள்களைப் பார்த்துவிட்டுப் போங்கள். சந்துக் கடைகளில் நூறு இருநூறு குறையலாம், ஆனால் பெட்டி எந்த நாட்டுக்கென்று வந்தது என்று திருப்பிப் பாருங்கள், சித்தி மகன் போனுக்குச் சொன்னதெல்லாம் அதற்கும் பொருந்தும். புதிய பொருள் ஆறு மாதத்துக்குள் பழுதானால் ரிப்பேரா, மாற்றா, பணமா என்று தேர்ந்தெடுக்கும் உரிமை நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி உங்களுடையது. "ஏழு நாளுக்கு மேல் போனால் கம்பெனிக்குத்தான் அனுப்புவோம்" என்று சுவரில் எழுதி வைத்திருந்தால் அந்தச் சுவருக்குச் சட்ட பலம் இல்லை. கீழே விழுந்து உடைந்ததற்கும் தண்ணீர் பட்டதற்கும் இது செல்லாது.

கடையை விட்டு வருவதற்கு முன் சிம்மைப் போட்டு ஒரு கால் பேசிப் பாருங்கள், ஸ்பீக்கர் சத்தம் அம்மா காதுக்குப் போதுமா என்று அம்மாவே சொல்லட்டும். எழுத்தைப் பெரிதாக்குங்கள், கூகுள் கீபோர்டில் தமிழைச் சேர்த்து மைக்கைத் தொட்டுப் பேசிக் காட்டுங்கள். தமிழில் டைப் அடிக்கப் பொறுமை இல்லாதவர்கள் இதைப் பார்த்தால் விடமாட்டார்கள். கடை ஸ்லிப்பை அங்கேயே போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள், அந்தத் தாள் ஆறு மாதத்துக்குள் வெளுத்துவிடும்.

அப்புறம், பழைய போனை உடனே துடைத்து யாருக்கும் கொடுத்துவிடாதீர்கள். முதலில் அதில் வாட்ஸ்அப் பேக்கப் எடுத்து, புதியதில் அதே கூகுள் கணக்கைப் போட்டு மீட்டெடுத்து, பேங்க் ஆப் புதிய போனில் திறக்கிறதா என்று பார்த்து, ஒரு வாரம் கழித்துக் கொடுக்கலாம்.