நைலான் போருக்காகக் கண்டுபிடிக்கப்பட்டதா?

"இரண்டாம் உலகப்போரில் பாராசூட் செய்யத்தான் நைலானைக் கண்டுபிடித்தார்கள் என்கிறார்களே, உண்மையா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

இல்லை. போர் தொடங்குவதற்கு நாலரை வருஷம் முன்பே, 1935 பிப்ரவரி 28 அன்று, அமெரிக்காவின் வில்மிங்டன் நகரில் டூபான்ட் என்ற வேதிப்பொருள் நிறுவனத்தின் ஆய்வகத்தில் வேதியியலாளர் வாலஸ் கரோதர்ஸின் குழு அதைத் தயாரித்துவிட்டது. கடைக்கு வந்த முதல் நைலான் பொருள் 1938இல் வந்த டூத் பிரஷ். அதுவரை பிரஷ்ஷில் இருந்தது பன்றி முடி.

பாராசூட்டைவிட எனக்கு வியப்பானது இதன் தொடக்கம். 1928இல் ஹார்வர்டை விட்டு கரோதர்ஸ் டூபான்ட்டுக்கு வந்தபோது அவரிடம் யாரும் இழை கேட்கவில்லை. ரப்பர், பட்டு போன்றவை உண்மையிலேயே மிக நீளமான மூலக்கூறுகளா, அல்லது சின்ன மூலக்கூறுகள் கூடி நிற்கும் கும்பலா என்று வேதியியலாளர்கள் மோதிக்கொண்டிருந்த காலம் அது. சின்ன மூலக்கூறுகளை ஒவ்வொன்றாகக் கோத்து நீளமாக்கிக் காட்டிவிட்டால் வாதமே முடிந்தது என்று அவர் இறங்கினார். இரண்டு மூலக்கூறுகள் சேரும்போது கொஞ்சம் தண்ணீர் வெளியேறும். அது உள்ளேயே தங்கினால் சங்கிலி மேலே வளராது. அந்தத் தண்ணீரை விடாமல் இழுத்து வெளியேற்றிய பிறகுதான் சங்கிலி நீண்டது.

1930இல் குழுவில் இருந்த ஜூலியன் ஹில் அப்படிக் கிடைத்த பாலியெஸ்டர் குழம்பிலிருந்து ஒரு நூலை இழுத்தார். ஆறிய பிறகும் அந்த நூல் இழுக்க இழுக்கப் பல மடங்கு நீண்டது. பட்டு மாதிரி பளபளத்தது, முன்பைவிட வலுவாகவும் ஆனது. சிக்குப் பிடித்துக் கிடந்த மூலக்கூறுகள் இழுத்ததும் ஒரே திசையில் வரிசையாகப் படிந்ததுதான் காரணம். ஆனால் அந்த நூல் வெந்நீரிலேயே இளகிவிடும். அதில் துணி நெய்து என்ன பயன்? சில வருஷம் கழித்து, வேறு மூலப்பொருட்களைக் கொண்டு பாலிஅமைடு என்ற இன்னொரு வகை நீளச் சங்கிலியைச் செய்தார்கள். அதுதான் நைலான். உருகுவதற்குச் சுமார் 260 டிகிரி செல்சியஸ் வேண்டும்.

கரோதர்ஸ் நெடுநாள் மனச்சோர்வால் துன்பப்பட்டவர். 1937 ஏப்ரலில், 41 வயதில், தன் உயிரை மாய்த்துக்கொண்டார். அப்போது ஒரு டூத் பிரஷ்கூடச் சந்தைக்கு வந்திருக்கவில்லை. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனது கனக்கும்.

டூபான்ட் குறிவைத்தது பெண்கள் அணியும் காலுறைச் சந்தையை. அதற்கான பட்டு பெரும்பாலும் ஜப்பானிலிருந்து வந்துகொண்டிருந்தது. 1940 மே 15 அன்று நைலான் காலுறை அமெரிக்கா முழுவதும் விற்பனைக்கு வந்தது. முதல் வருஷத்திலேயே சுமார் 6.4 கோடி ஜோடி விற்றது.

பாராசூட் இதற்கு அப்புறம்தான். ஜப்பானோடு பகை முற்றியதால் 1941இல் பட்டு வரத்து நின்றது; அந்த டிசம்பரில் போரும் மூண்டது. 1942 முதல் நைலான் பாராசூட்டுக்கும், கயிறுக்கும், விமான டயருக்கும் போனது. கடைகளில் காலுறை இல்லை. போர் முடிந்து மறுபடி வந்தபோது அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரில் சுமார் 13,000 ஜோடிக்கு 40,000 பேர் வரிசையில் நின்று கைகலப்பே நடந்தது. உற்பத்தி பெருகிய பிறகுதான் அந்தத் தட்டுப்பாடு தீர்ந்தது.