மைசூர் அரண்மனை விளக்கொளியை அந்தியில் படமெடுத்தல்: கேள்வி பதில்

கேள்வி: ஐயா, தசராவின்போது மைசூர் அரண்மனையை எடுத்தேன். விளக்குகள் நன்றாக வந்திருந்தும் வானம் வெறும் கறுப்பாக இருக்கிறதே, ஏன்?

பதில்: மாதம்தான் காரணம். ஏறத்தாழ ஒரு லட்சம் குமிழ் விளக்குகளும் மாலை 7 மணியளவில் ஒன்றாக எரியத் தொடங்குகின்றன. அக்டோபரில் சூரியன் 6 மணியை ஒட்டியே மறைந்துவிடுவதால், அதற்குள் வானின் நீலம் வடிந்துவிடுகிறது. ஜூன் கடைசியில் சூரியன் மறையவே 6.50 ஆகும் என்பதால், ஞாயிறுதோறும் நடக்கும் விளக்கேற்றத்தின் முதல் கால் மணி நேரம் வானமும் விளக்கும் ஈடாக நிற்கும். மழை மேகத்துக்குத் துணிந்தவர்களுக்கு அதுவே ஏற்ற காலம்.

கேள்வி: தசராவுக்கு மட்டுமே போக முடியும் என்றால்?

பதில்: 6.20 வாக்கில் வானத்துக்கென ஒரு படமும், 7 மணிக்கு மேல் விளக்குகளுக்கென மூன்று படங்களும் எடுத்து இணைக்க வேண்டும். அதுவரை ட்ரைபாட் இம்மியும் நகரக் கூடாது; ஃபோகஸை மேனுவலில் நிறுத்தி, லென்ஸ் வளையத்தின் மேல் டேப் ஒட்டிவிடுவது நல்லது, ஏனெனில் தசராக் கூட்டத்தில் யாராவது இடிக்காமல் போவதில்லை. எஃப்/8 (லென்ஸ் துளையின் அளவு), ஐஎஸ்ஓ 100 (ஒளியுணர்வு) என வைத்து, விளக்குப் படங்கள் மூன்றையும் 1/4, 1, 4 நொடிகளில் தொடங்கிப் பாருங்கள். 1/4 நொடிப் படத்தில் வளைவுகளின் குமிழ்கள் தனித்தனிப் புள்ளிகளாகத் தெரிய வேண்டும். ஒன்றோடொன்று உருகிக் கோடாகத் தெரிந்தால் நேரத்தை இன்னும் குறையுங்கள். 4 நொடிப் படம் தோட்டத்து இருளுக்கு மட்டுமே. அதில் மனிதர்கள் கலங்கித் தெரிவார்கள் என்பதால், கூட்டம் நிற்கும் தரையை ஏதேனும் ஒரே படத்திலிருந்து எடுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: பல வெளிச்ச அளவுகளில் எடுத்த படங்களைத் தானே ஒன்றாக்கும் எச்டிஆரில் இணைத்தால் கோபுர விளிம்பில் வெளிறிய கோடு விழுகிறது.

பதில்: இந்தக் காட்சிக்கு எச்டிஆரை நான் பரிந்துரைப்பதில்லை, இருளையும் வெளிச்சத்தையும் ஒரே மட்டத்துக்குக் கொண்டுவந்து, விளக்கேற்றிய பொலிவையே அது கெடுத்துவிடுகிறது. ஒரு நொடிப் படத்தை அடிப்படையாக்கி, தேவையான இடங்களில் மட்டும் மற்ற இரண்டையும் மாஸ்க் (படத்தின் ஒரு பகுதியை மட்டும் தெரியவைக்கும் மறைப்பு) வழியே மென்மையாகச் சேருங்கள். பிறகு வானப் படத்தைக் கீழே வைத்து, மேல் லேயரை (மேலடுக்கில் உள்ள விளக்குப் படத்தை) 'லைட்டன்' முறைக்கு மாற்றினால், ஒவ்வொரு புள்ளியிலும் வெளிச்சம் மிகுந்ததே நிற்கும்: கறுத்த வானம் நீலத்துக்கு இடம்விடும், குமிழ்கள் அப்படியே எரியும், விளிம்பை வெட்டும் வேலையே இராது. ஆனால் வானப் படத்தை ஒரு ஸ்டாப் (வெளிச்சத்தில் பாதி) குறைத்து எடுத்திருக்க வேண்டும்; இல்லையேல் விளக்கேற்றாத சுவரின் சாம்பல் நிறம் ஊடுருவித் தெரியும்.

கேள்வி: வொயிட் பேலன்ஸ், அதாவது ஒளியின் நிறச் சமன், எப்படி வைப்பது?

பதில்: ராவில் (கேமரா பதியும் மூலக் கோப்பாக) எடுத்து, விளக்குப் படங்கள் மூன்றுக்கும் ஒரே அளவாக 3500 கெல்வின் அளவில் வையுங்கள். வானப் படத்துக்கு அதைவிடச் சற்றுக் கூட்டுங்கள். இல்லாவிட்டால் நீலம் மிகைப்பட்டுவிடும்.

கேள்வி: சென்னை ரிப்பன் கட்டடத்தில் நிறம் மாறும் விளக்குகள் எரியும்போதும் இதே முறைதானா?

பதில்: நிறம் மாறுவதற்குள் மூன்று படங்களும் முடிந்தால் இதே முறைதான். முடியாவிட்டால், விளக்குகள் வெளிறாதபடி ஒரே ரா படம் எடுத்து, இருண்ட பகுதிகளைக் கணினியில் உயர்த்திக்கொள்வது மேல்.