ரெண்டு பேரும் வெளிநாட்டுக்காரர், எழுத்து ஜேர்மனியில: காரைதீவுத் தம்பிக்கு

தம்பி, நீங்க கேட்டது எனக்குச் சரியா விளங்கினதா எண்டு முதல்ல பார்ப்பம். ஊர் காரைதீவு, ஜேர்மனிக்கு மாஸ்டர்ஸ் படிக்க வந்து எட்டு மாசம், விரும்பின புள்ள திருச்சி, அவ இஞ்சயே புளூகார்ட்ல, அதான் பட்டம் படிச்ச வெளிநாட்டு ஆக்களுக்குக் குடுக்கிற வேலை விசாவில, வேலை, ஒருத்தருக்கும் ஜேர்மன் பாஸ்போட் இல்ல. ரெண்டு பேரும் இஞ்சயே எழுத்து, அதான் சட்டப்படி கலியாணப் பதிவு, எழுதலாமா, அம்மாட்டச் சொல்லி இப்பவே என்னென்ன பத்திரம் எடுத்து வைக்கிற எண்டுதானே கேள்வி. எழுதலாம். ஆனா அம்மாவை இப்ப ஒரு இடமும் அனுப்பாதீங்க.

ஏன் சொல்றன் எண்டா நான் அதைத்தான் செய்தன். எனக்கு ஊர் ஆரையம்பதி, மனிசி போலந்துக்காரி, எழுத்து 2014ல. நான் அவசரப்பட்டு, இஞ்ச ஸ்டாண்டஸ்அம்ட், அதான் கலியாணப் பதிவு செய்யிற கந்தோர், அங்க ஒரு வார்த்தை கேக்காம அம்மாவை விரட்டினன். அம்மா கிராம சேவகரைப் பிடிச்சு, பிரதேச செயலகத்துக்குப் போய், மறுகா இரவு பஸ் ஏறி பத்தரமுல்லயில பதிவாளர் நாயகம் திணைக்களத்துக்குப் போய், நான் கலியாணம் முடிக்காதவன் எண்டு ஒரு கடதாசி எடுத்து, எல்லாத்தையும் மட்டக்களப்பிலயே இங்கிலீசுக்கு மொழிபெயர்த்து, நாலு சொப்பிங் பேக் சுத்தி அனுப்பினா. நான் அதைக் கொண்டு போய் நீட்டினா ஸ்டாண்டஸ்அம்ட்ல இருந்த அம்மணி திகதியைப் பார்க்கிறா. ஆறு மாசத்துக்குள்ள எடுத்ததா இருக்கணுமாம், பதினொரு நாள் கூடிப்போச்சு. மொழிபெயர்ப்பும் சரிவராது, இஞ்ச கோர்ட்ல சத்தியப்பிரமாணம் செய்த ஆள்தான் டொச்சுக்கு, அதான் ஜேர்மன் மொழிக்கு, மாத்தணும். அம்மாட பஸ் காசு, அலைச்சல், எல்லாம் வீண்.

அதால முதல் வேலை, நீங்க இருக்கிற டவுன் ஸ்டாண்டஸ்அம்ட்டுக்கு ரெண்டு பேருமாப் போய், ஸ்ரீலங்கா ஒராள், இந்தியா ஒராள், ரெண்டு பேருக்கும் இது முதல் கலியாணம் எண்டு சொல்லி லிஸ்டை எழுத்தில வாங்குங்க. டவுனுக்கு டவுன் லிஸ்ட் மாறும், மற்றவன்ட லிஸ்டைப் பார்த்து ஓடாதீங்க, என்டதையும் சேர்த்துத்தான் சொல்றன்.

சட்டம் என்னெண்டா, வெளிநாட்டு ஆள் இஞ்ச கலியாணம் முடிக்கிறெண்டா அவர்ட நாட்டுச் சட்டப்படி முடிக்கத் தடையில்ல எண்டு அந்த நாடே ஒரு சான்றிதழ் குடுக்கணும். டொச்சில அதுக்கு ஏஹஃபேயிக்கைட்ஸ்ட்சொய்க்னிஸ் எண்டு வாய்க்குள்ள நுழையாத பேர். போலந்து அதைக் குடுக்கும், என்ட மனிசிக்கு ஒரே ஒரு பேப்பர், முடிஞ்சுது. ஸ்ரீலங்காவும் இந்தியாவும் அப்பிடிக் குடுக்கிறல்ல. அப்ப என்ன செய்யிறெண்டா, மேல் கோர்ட் தலைவரிட்ட அந்தச் சான்றிதழ் தேவையில்ல எண்டு விதிவிலக்கு எடுக்கணும், அதையும் நேர கோர்ட்டுக்கு அனுப்பேலாது, ஸ்டாண்டஸ்அம்ட் ஊடாகத்தான் போகும். செலவு உங்கட வருமானத்தைப் பார்த்து மாறும், நான் முடிச்ச 2014ல 15 யூரோவில இருந்து 305 வரைக்கும் இருந்தது. கிடைச்சா ஆறு மாசத்துக்குத்தான் செல்லுபடி, அதுக்குள்ள எழுத்து எழுதிரணும். எனக்கு இந்தப் பாடு ஒரு பக்கம்தான், உங்களுக்கு ரெண்டு பக்கமும். உங்கட பேப்பர் வந்து சேர முன்னம் அவட பேப்பர் பழசாகிரும், ரெண்டு பானையும் ஒரே நேரத்தில பொங்கினாத்தான் சரி.

உண்மையா நாள் இழுக்கிறது வேற விசயம். எங்கட பத்திரத்தை, இந்தியப் பத்திரத்தையும்தான், சீல் குத்தியிருக்கு எண்டதுக்காக இஞ்ச நம்பமாட்டாங்க. ஜேர்மன் தூதரகம் ஊடாக ஆள் வச்சு விசாரிப்பாங்க, அது மாசக்கணக்கு, காசும் நம்மடதான். என்ட விசயத்தில கொழும்பில இருந்து ஒருத்தர் ஊருக்கு வந்து பக்கத்து வீட்டு மாமியிட்ட இந்தப் பொடியன் கலியாணம் முடிச்சவரா எண்டு கேட்டிருக்கார். மாமி அவரைக் கலியாணத் தரகர் எண்டு நினைச்சு எங்கட குடி என்ன, காணி எவ்வளவு, அக்காவுக்குக் கட்டின வீடு எல்லாம் ஒப்புவிச்சுப்போட்டு, "அவன் வெள்ளைக்காரியோடயாம், நீங்க வேற இடம் பாருங்க" எண்டிருக்கா. அம்மாவுக்கு ஒரு கிழமையா வெட்கம். ஆனா கலியாணம் முடிக்கல்ல எண்டதுக்கு அதை விட நல்ல சாட்சி வேற என்ன வேணும் சொல்லுங்க.

மற்றது பேர். அப்பான்ட பேர் ராசாவில முடியும், என்ட பாஸ்போட்ல அதை ஜே போட்டு ராஜா ஆக்கியிருக்கு, பிறப்புப் பத்திரத்தில தமிழில ராசா. மொழிபெயர்த்தவர் ஐஎஸ்ஓ எண்ட சர்வதேச முறையில எழுத்துக்கு எழுத்து மாத்தினார், அதில சகரத்துக்கு இங்கிலீசு சி. அந்த அம்மணி அதை ராகா எண்டு வாசிச்சுப்போட்டு, இது வேற ஆள் அல்லவா எண்டு கேட்டா பாருங்க. ரெண்டும் ஒராள்தான் எண்டு இன்னொரு கடதாசி, அம்மாவுக்கு இன்னொரு அலைச்சல். வெளிவிவகார அமைச்சின்ட சீல் கேட்டாங்களெண்டா அதுக்குக் கொழும்புக்கே போகத் தேவையில்ல, திருகோணமலையிலயும் கொன்சியூலர் கந்தோர் இரிக்கு.

இவ்வளவும் வேணாம் எண்டு கன பேர் டென்மார்க் போறாங்க. அது கள்ள வழி இல்ல. 2019ல இருந்து அங்க ஒரே திணைக்களம், ஒன்லைன்ல விண்ணப்பம், கட்டணம் கிட்டத்தட்ட 2000 குரோனர், ஒவ்வொரு வருசமும் கொஞ்சம் ஏறும். பாஸ்போட், ஜேர்மன் விசா கார்ட், நகரசபையில கலியாணம் ஆகாதவர் எண்டு குறிச்சுத் தாற பதிவுத் துண்டு, ரெண்டு பேரும் உண்மையா ஒண்டா இருக்கிறீங்க எண்டதுக்குப் போட்டோ, மெசேஜ் இப்பிடியான சாட்சி. ஓம் எண்டு கடிதம் வந்தா நாலு மாசத்துக்குள்ள முடிக்கணும். ஐரோ எண்டு ஒரு தீவு இரிக்கு, கப்பல்ல போய் எழுதிப்போட்டு வாறவங்க அவ்வளவு பேர். சான்றிதழை டொச்சிலயும் தருவாங்க, ஜேர்மனிக்கும் டென்மார்க்குக்கும் 1936ல செய்த ஒப்பந்தம் இரிக்கிறதால அதுக்கு மேல சீல் தேவையில்ல. நான் இண்டைக்கு முடிக்கிறெண்டா கண்ணை மூடிட்டு டென்மார்க்தான். ஆனா ரெண்டு பேர்ட விசாவும் அந்த நாள் செல்லுபடியா இருக்கணும், உங்கட ஸ்டூடன்ட் விசா முடியிற திகதியை முதல்ல பாருங்க. அசூல், அதான் அகதித் தஞ்சம் கேட்ட, கேஸ்ல இருக்கிற ஆக்கள் ஆரும் இதை வாசிச்சா, போடர் தாண்டவோ நம்ம தூதரகத்துக்குப் போகவோ முன்னம் வக்கீலைக் கேளுங்க, உங்கட கதை வேற.

இஞ்ச ஹம் டவுன்ல இருக்கிற காமாட்சி அம்மன் கோயில்ல தாலி கட்டினாக் காணாதா எண்டும் கேட்டிருந்தீங்க. கட்டுங்க, ஊர்ச் சனத்துக்கு அதுதான் கலியாணம், ஆனா இஞ்சத்த சட்டத்துக்குக் கணக்கில்ல. வரி வகுப்பு மாத்தவோ, பிறகு நீங்க அவட புளூகார்ட்ல துணைவர் விசாவுக்கு மாறவோ எழுத்துத்தான் வேணும். அதுக்கு மாறேக்க ஏ1 எண்ட ஆரம்ப டொச்சுச் சோதனை கேக்கமாட்டாங்க, அது புளூகார்ட்டால வாற லாபம்.

இப்போதைக்கு அம்மாட்டச் சொல்ல வேண்டியது ஒண்டுதான், வீட்டில கிடக்கிற பிறப்புப் பத்திரத்தை ரெண்டு பக்கமும் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்ல போடச் சொல்லுங்க. வந்த உடன பாஸ்போட்டைப் பக்கத்தில வச்சு அப்பான்ட பேரை எழுத்தெழுத்தாப் பாருங்க மனே.