ஒரு மாத விலகல் – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

வணக்கம். கோத்தகிரியிலிருந்து எழுதுகிறேன். கோயம்புத்தூரில் உள்ள ஒரு நிறுவனத்துக்காக வீட்டிலிருந்தபடியே வேலை பார்க்கிறேன். வீட்டில் அம்மாவும் நானும் மட்டுமே. சிறிய தேயிலைத் தோட்டம் ஒன்றும் உண்டு. கடந்த ஓராண்டாக, வேலை முடிந்ததும் இன்ஸ்டாகிராமையும் முகநூலையும் திறந்தால் நள்ளிரவு தாண்டித்தான் மூடுகிறேன். உடன் படித்தவர்களின் புது வீடு, கார், வெளிநாட்டுப் பயணம் எல்லாவற்றையும் பார்த்து முடிக்கும்போது என் வாழ்க்கை மட்டும் தேங்கிக் கிடப்பதாகத் தோன்றுகிறது. யாரோ ஒரு சுற்றுலாப் பயணி கோடநாடு காட்சிமுனையில் எடுத்துப் போட்ட ரீல்ஸைப் பார்த்துக்கூட ஏங்கினேன். அந்த இடம் எங்கள் வீட்டிலிருந்து ஒரு மணி நேரப் பயணம்தான்.

ஒரு மாதம் இவற்றைவிட்டு விலகியிருக்கலாமா என்று யோசிக்கிறேன். அது மனத்துக்கு உண்மையில் நல்லதா, இல்லை, பிரச்சினையிலிருந்து ஓடுவதா? பச்சைத் தேயிலை விலை, மழைக்காலச் சாலைச் செய்தி, அலுவலகத் தகவல் எல்லாமே இந்த ஒரே போனில்தான் வருகின்றன. எப்படி விலகுவது? வீட்டு விசேஷப் படங்களுக்கு விருப்பக்குறி போடாவிட்டால் உறவினர்கள் வருத்தப்படுவார்களே?

ச., கோத்தகிரி

அன்புள்ள ச.,

விலகியிருங்கள். தூக்கத்தைக் கெடுக்கும் ஒரு பழக்கத்தைச் சில வாரங்கள் நிறுத்திப் பார்ப்பதற்கு ஓடுதல் என்று பெயர் வைத்து உங்களை நீங்களே குற்றம் சொல்லிக்கொள்ள வேண்டாம். ஆனால், விலகல் தன்னளவில் எதையும் ஆற்றிவிடாது என்பதையும் இப்போதே சொல்லிவிட வேண்டும். அதனால் மிஞ்சும் மாலைநேரத்தை எதற்குக் கொடுக்கிறீர்கள் என்பதையும், பிறகு எந்த நிபந்தனையோடு திரும்பிப் போகிறீர்கள் என்பதையும் பொறுத்தே பலன் அமையும்.

இது என் ஊகம் மட்டும் இல்லை. பென்சில்வேனியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 143 மாணவர்களிடம் நடத்திய ஓர் ஆய்வை 2018-ல் வெளியிட்டார்கள். அதில் ஒரு பிரிவினர் முகநூல், இன்ஸ்டாகிராம், ஸ்னாப்சாட் ஆகிய ஒவ்வொன்றையும் நாளுக்குப் பத்து நிமிடத்தோடு நிறுத்திக்கொண்டார்கள்; மற்றவர்கள் வழக்கம்போல் இருந்தார்கள். மூன்று வாரங்களில், குறைத்துக்கொண்டவர்களின் தனிமையுணர்வு தணிந்தது. தொடக்கத்தில் மனச்சோர்வு மிகுந்திருந்தவர்களுக்கு அதுவும் நன்றாகக் குறைந்தது. அதே 2018-ன் இறுதியில், அமெரிக்க இடைக்காலத் தேர்தலை ஒட்டி, ஸ்டான்ஃபோர்டு, நியூயார்க் பல்கலைக்கழகங்களின் பொருளியலாளர்கள் பணம் கொடுத்துப் பலரை நான்கு வாரங்கள் முகநூலைவிட்டு விலகியிருக்கச் செய்தார்கள். அவர்களுக்கு நாளொன்றுக்குச் சராசரியாக ஒரு மணி நேரம் மிஞ்சியது. அதன் ஒரு பகுதி குடும்பத்தாரோடும் நண்பர்களோடும் கழிந்தது. இன்னொரு பகுதி தனியாக உட்கார்ந்து தொலைக்காட்சி பார்ப்பதில் போனது. நாட்டு நடப்பு பற்றிய அறிவு குறைந்தது. மனநிறைவு கூடியது, ஆனால் சிறிதளவே. இந்த ஆய்வில் எனக்கு மிக முக்கியமாகப் படுவது வேறொன்று: கட்டுப்பாடு முடிந்த பிறகும் அவர்களில் பலர் முகநூலை முன்பைவிடக் குறைவாகவே பயன்படுத்தினார்கள். பழக்கத்தை ஒருமுறை வெளியே நின்று பார்த்தவருக்கு அதன்மேல் கொஞ்சம் பிடி கிடைக்கிறது. நீங்கள் எதிர்பார்க்க வேண்டிய பலனும் இந்த அளவுதான், இதுவே பெரிது.

கோடநாடு பற்றி நீங்கள் எழுதியதை நான் பலமுறை படித்தேன். அந்தக் காட்சிமுனையில் பாதி நாள் மேகம் ஏறி வந்து பள்ளத்தாக்கை மூடிக்கொள்ளும் என்பது உங்களுக்கு யாரும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ரீல்ஸ் எடுக்க வந்தவர்கள் கம்பியோரத்தில் நின்று, ஒருவர் சால்வையை விரித்துக்கொண்டு நடக்க, மற்றவர் போனோடு பின்னால் நகர, மேகம் விலகும் சில நிமிடங்களுக்குள் அதே நடையைத் திரும்பத் திரும்ப நடந்து பார்ப்பதை நான் கவனித்திருக்கிறேன். நின்ற நேரத்தில் முக்கால் பங்கு அவர்கள் பள்ளத்தாக்கின் பக்கம் திரும்பவே இல்லை. வளைவுகளில் குமட்டியதும், வாகனம் நிறுத்த இடம் தேடி அலைந்ததும் அந்தக் காணொளியில் வராது. நீங்கள் ஏங்கியது அந்த இடத்துக்காக இருந்தால் மறுநாளே பேருந்து ஏறியிருப்பீர்கள். கவலையற்று நடப்பதாகத் தெரிந்த அந்தப் பயணியின் முகத்துக்காகவே ஏங்கினீர்கள் என்று நினைக்கிறேன். அந்த முகம் அந்த முப்பது நொடிக்காக வரவழைத்துக்கொண்டது.

மனிதன் தன்னைப் பிறரோடு ஒப்பிட்டே தன்னை அளக்கிறான் என்பதை லியோன் ஃபெஸ்டிங்கர் என்ற உளவியலாளர் 1954-லேயே ஒரு கோட்பாடாக எழுதினார். அந்த ஒப்பீடு முன்பு ஓர் ஊருக்குள், ஒரு பணியிடத்துக்குள் நடந்தது. அடுத்த வீட்டுக்காரர் கார் வாங்கினால், அதற்கு அவர் வாங்கிய கடனும் ஊருக்குத் தெரிந்திருக்கும். இப்போது நூற்றுக்கணக்கானவர்களின் நல்ல நாட்கள் மட்டும் ஒரே மாலையில் வந்து குவிகின்றன. அவர்கள் பட்ட கடனும் நோயும் வருவதில்லை. அந்தக் குவியலுக்கு ஒரு முடிவும் இல்லை. பக்கம் தீர்ந்து நிற்கும் இடத்தையே இல்லாமல் ஆக்கிய முடிவற்ற உருட்டலை 2006-ல் வடிவமைத்தவர் ஏசா ராஸ்கின் என்ற மென்பொருள் வடிவமைப்பாளர். அதற்காக வருந்துவதாக அவரே பின்னாளில் பொதுவெளியில் சொல்லியிருக்கிறார். நிற்க இடமே வைக்காத ஒன்றில் நள்ளிரவுவரை நிற்க முடியாமல் போனதற்கு உங்கள் மனவுறுதியின் குறைபாட்டை மட்டும் காரணமாக்குவது நியாயமாகாது.

சமவெளியிலிருந்து வருபவர்கள் மலைக்காற்று பட்டாலே மனம் தெளிந்துவிடும் என்று நம்புகிறார்கள். இங்கே குடியிருப்பவர்களுக்கு உண்மை வேறு. கோத்தகிரிப் பக்கம் வடகிழக்குப் பருவமழை பிடித்துக்கொண்டால், ஆறு மணிக்கே இருட்டி, பனிமூட்டம் வாசல்வரை வந்து, மின்சாரமும் போய்விட்டால், கையில் இருக்கும் போனின் வெளிச்சத்தைத் தவிர வேறு துணை இருப்பதில்லை. நம் ஊரில் போனின் பிடி நகரத்தைவிட இறுக்கமாக இருப்பதற்கு இதுவே காரணம். ஆகவே, இயற்கை பார்த்துக்கொள்ளும் என்று விட்டுவிடாமல் திட்டமிட்டுத்தான் இதைச் செய்ய வேண்டும்.

போனை அணைத்து வைக்கத் தேவையில்லை. 2009 நவம்பரில் மண்சரிவில் நாற்பதுக்கும் மேற்பட்ட உயிர்களை இழந்த மாவட்டம் இது. மேட்டுப்பாளையம் சாலையில் மரம் விழுந்தது, பாறை உருண்டது என்ற செய்தி வரும் வாட்ஸ்அப் குழுவை எந்தக் காரணத்துக்காகவும் ஒதுக்காதீர்கள். தேயிலை வாரியம் மாதந்தோறும் அறிவிக்கும் பச்சைத் தேயிலையின் சராசரி விலையும், அலுவலகத் தகவலும் வரட்டும். இன்ஸ்டாகிராமையும் முகநூலையும் போனிலிருந்தே நீக்கிவிடுங்கள். கணக்கை அழிக்க வேண்டாம், தற்காலிகமாக முடக்கினால் போதும். வாட்ஸ்அப்பில் பிறருடைய ஸ்டேட்டஸைப் பார்ப்பதை நிறுத்துங்கள், தேவையற்ற குழுக்களை ஓசையின்றி வையுங்கள். இரவில் போன் சமையலறையில் சார்ஜ் ஏறட்டும். காலையில் எழுப்ப ஒரு சாதாரண அலாரக் கடிகாரம் வாங்கிக்கொள்ளுங்கள். முதல் சில நாட்கள், பேருந்துக்குக் காத்திருக்கும்போதும் அடுப்பில் பால் பொங்கக் காத்திருக்கும்போதும் கை தானாகப் போனைத் தேடும். எரிச்சல் வரும், எதையோ இழப்பதுபோல் இருக்கும். அதைக் கண்டு பின்வாங்காதீர்கள்.

மாலைநேரத்துக்கு வருகிறேன். உங்கள் கடிதத்தில் அம்மா ஒரே ஒரு வரியில் வந்து போய்விடுகிறார். ஒரே வீட்டில் இரண்டு பேர் இரண்டு திரைகளோடு இருக்கிறீர்களோ என்று எனக்குக் கவலையாக இருக்கிறது. அவரோடு உட்கார்ந்து சாப்பிடுங்கள், தோட்டக் கணக்கைக் கேளுங்கள், இலை எடை போடும் இடத்துக்கு நீங்களும் ஒருமுறை போய் நில்லுங்கள். நாலு பேர் நலம் விசாரிப்பார்கள். காலையில் வேலை தொடங்குமுன் வெயில் படும்படி நடங்கள். 116 ஹெக்டேர் பரப்புள்ள, உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களுக்கான ராம்சார் பட்டியலில் 2024-ல் இடம்பெற்ற லாங்வுட் சோலை உங்கள் ஊரை ஒட்டியே இருக்கிறது. அதன் ஓரமாக நடந்தால், நீலகிரியைவிட்டு வேறெங்கும் வாழாத சிரிப்பான் பறவைகள் புதருக்குள் கூட்டமாகக் கத்துவது கேட்கும். படம் எடுக்க முயலாதீர்கள், அவை எளிதில் வெளியே வருவதும் இல்லை.

மாதம் முடிந்து திரும்பும்போது பழைய வாசல் வழியே போகாதீர்கள். 2024 மே 7 முதல் நீலகிரிக்கு வரும் வெளியூர் வாகனங்களுக்கு இ-பாஸ் கேட்கத் தொடங்கினார்கள். அதனால் மலை மூடப்படவில்லை, வருபவர் கணக்கு மட்டும் அப்போது கேட்கப்பட்டது. உங்கள் மாலைக்குள் நுழைபவர்களிடமும் அப்படிக் கணக்குக் கேளுங்கள். யாரைப் பார்த்தபின் மனம் சுருங்குகிறதோ அவரைப் பின்தொடர்வதை விடுங்கள். கணினியில் மட்டும், ஒரு குறிப்பிட்ட நேரத்துக்கு மட்டும் திறப்பது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஒன்றை மட்டும் தள்ளிப்போட வேண்டாம். விலகியிருந்தும் இரண்டு வாரங்களுக்குமேல் தூக்கமின்மை, பசியின்மை, எதிலும் பற்றின்மை தொடர்ந்தாலோ, வாழவே வேண்டாம் என்ற நினைப்பு ஒருமுறை வந்தாலோ, அது சமூக ஊடகத்தால் மட்டும் வந்ததாக இருக்காது. மாதம் முடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. அரசு மருத்துவமனையில் மனநல மருத்துவரைப் பாருங்கள். 2022 முதல் செயல்படும், அரசின் தொலைபேசி மனநலச் சேவையான டெலி மானஸின் உதவி எண் 14416-ஐ எந்த நேரத்திலும் இலவசமாக அழைத்துத் தமிழிலேயே பேசலாம்.

உறவினர்களைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். விலகுவதற்கு முந்தைய நாள், ஒரு மாதம் இவற்றில் இருக்க மாட்டேன், தேவையென்றால் போனில் கூப்பிடுங்கள் என்று குடும்பக் குழுவில் எழுதிவிடுங்கள். இடையில் கல்யாணமோ காதுகுத்தோ வந்தால், விசேஷ வீட்டுக்காரரை அழைத்து ஐந்து நிமிடம் பேசுங்கள். சித்தியோ அத்தையோ அதற்குப் பிறகும் விருப்பக்குறி வரவில்லையே என்று குறைபட்டுக்கொள்ளப் போவதில்லை.