பதினைந்து கிலோமீட்டரில் நின்றுபோகும் ஸ்பிளெண்டர்: முதலில் டேங்க் மூடியைத் திறந்து பாருங்கள்

போடி பக்கத்திலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். அவருடைய அப்பா 2004இல் வாங்கிய ஹீரோ ஹோண்டா ஸ்பிளெண்டர். காலையில் இரண்டு உதையில் ஸ்டார்ட் ஆகிறது. பதினைந்து கிலோமீட்டர் போனதும் இழுவை குறைந்து, திக்கித் திணறி நின்றுவிடுகிறது. பத்து நிமிடம் நிழலில் போட்டால் மறுபடி ஓடுகிறது. ஒரு மெக்கானிக் பிளக் மாற்றினார். இன்னொருவர், பெட்ரோலையும் காற்றையும் கலந்து இன்ஜினுக்கு அனுப்பும் கார்புரேட்டரை இரண்டு முறை கழுவினார். மூன்றாமவர், "எத்தனால் பெட்ரோல் வந்ததிலிருந்து பழைய வண்டியெல்லாம் இப்படித்தான், புது கார்புரேட்டர் போடணும், 3,500 ஆகும்" என்கிறார். வண்டியை விற்றுவிடலாமா என்று கேட்கிறார் வாசகர். கடிதத்தின் கடைசியில் போகிற போக்கில் இன்னும் இரண்டு விஷயம் சொல்லியிருக்கிறார். சாவி தொலைந்ததால் ஆறு மாதம் முன்பு லாக் செட் மாற்றியிருக்கிறார்கள். காலையில் வண்டி நிற்கும் இடத்தில் லேசாகப் பெட்ரோல் வாசனை வருகிறது.

விற்க வேண்டாம். கார்புரேட்டரும் இப்போதைக்கு வாங்க வேண்டாம். நீங்கள் கடைசியில் எழுதிய அந்த இரண்டு வரியில்தான் விஷயம் இருக்கிறது.

லாக் செட் என்றால் டேங்க் மூடியும் சேர்த்துத்தான் மாறியிருக்கும். அந்த மூடியில் காற்று போய்வர ஒரு சின்ன வழி இருக்க வேண்டும். கடையில் எண்ணெய் டின்னைத் திறக்கும்போது கவனித்திருப்பீர்கள். ஒரு ஓட்டை மட்டும் போட்டால் எண்ணெய் ஒழுங்காக வராது. எதிர் மூலையில் இன்னொரு ஓட்டை போட்டால்தான் சீராக இறங்கும். டேங்க்கும் அப்படித்தான். பெட்ரோல் இறங்க இறங்க அந்த இடத்துக்குக் காற்று உள்ளே வர வேண்டும். வழி அடைத்திருந்தால் கொஞ்ச தூரம் ஓடியதும் பெட்ரோல் இறங்குவது குறைந்து, கார்புரேட்டர் காலியாகிவிடும். நிறுத்திவைத்தால் காற்று மெல்லக் கசிந்து உள்ளே போகும், மறுபடி ஓடும். மலிவான டூப்ளிகேட் மூடிகளில் அந்த வழி சரியாக இருப்பதில்லை. நல்ல மூடியாக இருந்தாலும் தூசியும் பாலிஷும் சேர்ந்து அடைத்துக்கொள்வதும், ரெக்சின் டேங்க் கவர் மூடிமேல் அழுந்தி அடைப்பதும் உண்டு.

வண்டி நின்ற அந்த நிமிடமே மூடியைத் திறங்கள். பத்து நிமிடம் கழித்துத் திறந்தால் எதுவும் தெரியாது. உஸ்ஸென்று காற்று உள்ளே போகிற சத்தம் கேட்டு, ஓரிரு நிமிடத்தில் வண்டி ஸ்டார்ட் ஆனால் காரணம் மூடிதான். வழியைச் சுத்தம் செய்யுங்கள், இல்லையென்றால் நல்ல மூடியாக மாற்றுங்கள்.

சத்தம் இல்லை, வண்டியும் ஓடவில்லை என்றால் அடுத்த சோதனை. இன்ஜின் நன்றாக ஆறிய பிறகு, திறந்தவெளியில், பீடி சிகரெட் பக்கத்தில் இல்லாமல் செய்யுங்கள். டேங்க்கின் அடியில் பெட்ரோலைத் திறந்து மூடும் திருகுதான் காக். அதை மூடிவிட்டு, கார்புரேட்டருக்குப் போகும் ரப்பர் குழாயைக் கழற்றி ஒரு பாட்டிலுக்குள் விட்டு, காக்கைத் திறங்கள். சீராக ஊற்ற வேண்டும். காக் மெயின் நிலையில் இருக்கும்போது சொட்டுச் சொட்டாகவும் ரிசர்வ் நிலையில் நன்றாகவும் வந்தால், டேங்க்கில் பெட்ரோல் குறைவாக இருக்கலாம், அல்லது காக்கின் மெயின் குழாய் வலையில் துரு அடைத்திருக்கும். இரண்டிலும் நன்றாகவே வருகிறது, ஆனாலும் சூடானதும் வண்டி நிற்கிறது என்றால், கோளாறு பெரும்பாலும் பிளக்குக்குத் தீப்பொறி கொடுக்கும் இக்னிஷன் காயில் பக்கம். அதை எலக்ட்ரீஷியனிடம் காட்டுங்கள்.

இனி கார்புரேட்டர் கழுவுவது பற்றி. இதை எத்தனை முறை சொன்னாலும் எனக்குப் போதாது. கார்புரேட்டருக்குள் பெட்ரோலை அளந்து விடும் சின்னப் பித்தளைத் துளைப் பாகம்தான் ஜெட். அதற்குள் கம்பி விட யாரையும் அனுமதிக்காதீர்கள். ஒரு மில்லிமீட்டர்கூட இல்லாத துளை அது. பித்தளை மென்மையானது. இப்படிக் கம்பி பட்ட ஒரு ஜெட்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். வட்டமாக இருக்க வேண்டிய துளை முட்டை வடிவத்தில் இருந்தது. அந்த வண்டிக்காரர் ஒரு வருடமாக மைலேஜ் போச்சே என்று பங்க் பங்க்காக மாறிக்கொண்டிருந்தார். கிளீனர் ஸ்பிரேயும் காற்றும் போதும். "பழசைக் கொடுத்தால் 300 ரூபாய் கழிச்சுக்கிறேன்" என்று சொல்பவரிடம் இன்னும் கவனம். உங்கள் வண்டியோடு கம்பெனியிலிருந்து வந்த கார்புரேட்டர், அவர் மாட்டும் பெயரில்லாத புதியதைவிட நல்லது. அதைக் கழுவி வேறொருவருக்கு ஒரிஜினல் என்று விற்பதுதான் அந்த வியாபாரம். கழற்றிய பாகம் எதுவானாலும் கேட்டு வாங்கி வீட்டுக்குக் கொண்டுபோங்கள். குழாயில் மாட்டும் காந்தம், டேங்க்கில் ஊற்றும் மைலேஜ் மருந்து இரண்டும் வேண்டாம்.

பெட்ரோலில் கலக்கும் ஆல்கஹாலான எத்தனால் விஷயத்தில் அந்த மூன்றாவது மெக்கானிக் சொன்னதில் பாதி உண்மை. 2004இல் உங்கள் வண்டியைச் செய்தபோது இப்போது கலக்கும் இருபது சதவீத எத்தனாலை நினைத்து அதன் ரப்பரைத் தேர்ந்தெடுக்கவில்லை. பழைய குழாயும் வாஷரும் உப்பும், பிறகு விரிசல் விடும். எத்தனாலில் பெட்ரோலைவிட மூன்றில் ஒரு பங்கு சக்தி குறைவு என்பதால் மைலேஜும் கொஞ்சம் இறங்கும். மாதக்கணக்கில் ஓட்டாமல் வைத்தால் அது ஈரத்தை இழுத்து, தண்ணீரும் எத்தனாலுமாகப் பிரிந்து டேங்க்கின் அடியில் தங்கிவிடும். ஆனால் சரியாகப் பதினைந்து கிலோமீட்டரில் நிறுத்தி, பத்து நிமிடத்தில் ஓடவிடும் வேலையை அது செய்யாது. குழாயை மாற்றுங்கள், செலவு சொற்பம். எத்தனால் கலக்கும் அளவைக் கூட்டியவர்கள் பழைய வண்டி வைத்திருப்பவனுக்கும் ஒரு வழி விட்டிருக்க வேண்டும். பதினைந்து வருடம் தாண்டிய வண்டிக்கு ஐந்து வருடத்துக்கு ஒருமுறை ஆர்.சி.யை (பதிவுச் சான்றிதழ்) புதுப்பிக்கப் பணம் வாங்கத் தெரிகிறது. அந்த வண்டிக்கு ஏற்ற பெட்ரோல் கேட்டால் பெரும்பாலான பங்க்குகளில் பதில் இல்லை. பெட்ரோல் மேலேயே சந்தேகம் என்றால் பங்க்கில் ஃபில்டர் பேப்பர் கேளுங்கள். ஒரு சொட்டு விட்டால் ஓரிரு நிமிடத்தில் கறை இல்லாமல் காய வேண்டும். அதைக் கேட்பது உங்கள் உரிமை. முகம் சுளித்தாலும் விடாதீர்கள்.

இப்போது அந்தப் பெட்ரோல் வாசனை. நீங்கள் இதைச் சாதாரணமாக எழுதியிருக்கிறீர்கள், எனக்கு இதுதான் கவலை. மூடியில் காற்று வழி இல்லாத டேங்க் வெயிலில் நின்றால் உள்ளே ஆவி அழுத்தம் ஏறி, கார்புரேட்டர் நிறைந்ததும் பெட்ரோல் வரத்தை அடைக்கும் ஊசியைத் தாண்டிப் பெட்ரோலைத் தள்ளும். அப்படியானால் வண்டி நிற்பதற்கும் வாசனைக்கும் ஒரே மூடிதான் காரணம். ஆனால் ஊசியின் முனை தேய்ந்திருந்தாலும் இரவெல்லாம் கசியும். கசிவது வெளியே சொட்டினால் வாசனையோடு போகும். உள்ளே இறங்கினால் இன்ஜின் ஆயிலில் கலக்கும். பெட்ரோல் கலந்த ஆயில் தண்ணீர்போல நீர்த்துவிடும், அதோடு ஓட்டினால் இன்ஜின் தேய்ந்துபோகும்.

அதனால் நாளைக் காலை வண்டியை உதைப்பதற்கு முன்னால் ஆயில் அளவுக் குச்சியை எடுத்து மூக்கருகே வைத்துப் பாருங்கள். விரலில் தொட்டுத் தேய்த்தும் பாருங்கள். பெட்ரோல் நெடி அடித்தாலோ, வழுவழுப்பு இல்லாமல் நீர்த்திருந்தாலோ, மேல் கோட்டைத் தாண்டி நின்றாலோ, வண்டியை ஸ்டார்ட் செய்யாதீர்கள். தள்ளிக்கொண்டே பட்டறைக்குப் போய் ஆயிலை இறக்கிப் புதிது ஊற்றி, ஊசியையும் மாற்றச் சொல்லுங்கள். ஊசி மட்டும், முழு கார்புரேட்டர் இல்லை. ஆயில் நன்றாகவே இருந்தாலும் இனி இரவில் காக்கை மூடிவிட்டுத் தூங்கப் போங்கள்.

மூடியைத் திறந்தபோது என்ன ஆனது என்று எனக்கு எழுதுங்கள். அப்போது காக் மெயினில் இருந்ததா ரிசர்விலா, டேங்க்கில் எவ்வளவு பெட்ரோல் இருந்தது என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.