இரண்டு சிறுபான்மைகளின் அச்சம்: கனடா மொழிச் சிக்கல் குறித்து வாசகர் கேள்விகள்

கேள்வி: ஐயா, கனடாவில் ஆங்கிலம், பிரெஞ்சு இரண்டும் ஆட்சிமொழிகள். சட்டத்தில் சம உரிமை இருந்தும் கியூபெக் மாநிலத்தில் இரு தரப்பாருக்கும் இடையிலான மனத்தாங்கல் ஏன் இன்னும் தீரவில்லை?

பதில்: 1969ஆம் ஆண்டின் ஆட்சிமொழிச் சட்டம் மத்திய அரசின் அலுவலகங்களை மட்டுமே கட்டுப்படுத்தியது. கியூபெக் மக்களின் மனக்குறையோ தபால் அலுவலகத்தில் கிடைக்கும் படிவத்தைப் பற்றியதாக இருக்கவில்லை. வேலை, ஊதியம், பதவி உயர்வு ஆகியவற்றைப் பற்றியதாக இருந்தது. 1960களில் கியூபெக்கின் பெருநகரான மாண்ட்ரியலில் மக்களில் பெரும்பாலோர் பிரெஞ்சு பேசினார்கள். ஆனால் வங்கியும் தொழிற்சாலையும் ஆங்கிலத்தில் இயங்கின. 1962இல் அரசுக்குச் சொந்தமான ரயில்வே நிறுவனத்தின் தலைவரிடம், துணைத் தலைவர்களில் ஒருவர்கூடப் பிரெஞ்சுக் கனடியர் இல்லையே என்று நாடாளுமன்றக் குழுவில் கேட்டபோது, தகுதி பார்த்தே பதவி தருகிறோம் என்னும் பொருளில் அவர் விடை சொன்னார். மாண்ட்ரியல் மாணவர்கள் வீதியில் திரண்டு அவருடைய கொடும்பாவியை எரித்தார்கள்.

அடுத்த ஆண்டு அமைக்கப்பட்ட இருமொழி ஆணையம் 1961ஆம் ஆண்டின் மக்கள்தொகைக் கணக்கை ஆராய்ந்தபோது, அந்தக் கோபத்துக்கு ஆதாரம் கிடைத்தது. கியூபெக்கின் ஆண்களை வம்சாவளி வாரியாக வரிசைப்படுத்தினால், வருமானத்தில் பிரெஞ்சுக்காரர்களுக்குக் கீழே இத்தாலியரும் பூர்வகுடியினரும் மட்டுமே இருந்தார்கள். இரண்டு மொழியும் தெரிந்த பிரெஞ்சுக்காரரைவிட, ஆங்கிலம் மட்டுமே தெரிந்த ஆங்கிலேயர் சராசரியாகக் கூடுதலாகச் சம்பாதித்தார். தாங்கள் பெரும்பான்மையாக உள்ள ஊரிலேயே அடுத்தவர் மொழியைக் கற்றும் பின்தங்கிய ஒரு சமூகத்திடம், "நீங்களும் ஆங்கிலம் கற்றுக்கொண்டால் போகிறது" என்று சொல்வது எவ்வளவு புண்படுத்தும் என்பதை எண்ணிப் பாருங்கள்.

1977 ஆகஸ்ட் 26 அன்று கியூபெக் முதல்வர் ரெனே லெவெக்கின் அரசு நிறைவேற்றிய பிரெஞ்சு மொழிச் சாசனம், அதாவது மக்கள் இன்றும் "101" என்று எண்ணால் குறிப்பிடும் சட்டம், இந்த இடத்தில்தான் கை வைத்தது. ஐம்பது பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனங்கள் பிரெஞ்சிலேயே இயங்க வேண்டும் என்றாக்கியது. கடைப் பலகைகள் குறித்த விதிகளே அதிகம் பேசப்படுகின்றன என்றாலும், வாழ்க்கையை மாற்றியது வேலையிடம் குறித்த விதிதான் என்பது என் கருத்து.

கேள்வி: அப்படியானால் கியூபெக்கில் சிறுபான்மையினரான ஆங்கிலம் பேசுவோருக்கு இழைக்கப்பட்டது அநீதி இல்லையா?

பதில்: ஒரு பகுதி அநீதிதான். கியூபெக்கில் பிரெஞ்சுக்காரர்கள் பெரும்பான்மை. வட அமெரிக்கா முழுவதையும் எடுத்துக்கொண்டால் ஆங்கிலக் கடலுக்கு நடுவே மிகச் சிறிய கூட்டம். ஆங்கிலம் பேசுவோர் நாட்டில் பெரும்பான்மை, கியூபெக்கில் சிறுபான்மை. ஆகவே இரு தரப்பும் தம்மையே நலிந்தவராகக் கருதுகின்றன. இரண்டும் ஓரளவு சரியாகவே கருதுகின்றன. சட்டம் வந்தபின் ஆங்கிலம் பேசும் குடும்பங்கள் பல மாநிலத்தை விட்டு வெளியேறின. சன் லைஃப் காப்பீட்டு நிறுவனம் தன் தலைமையகத்தை டொரன்டோவுக்கு மாற்றப்போவதாக 1978இல் அறிவித்தது. தலைமுறை தலைமுறையாக அங்கேயே வாழ்ந்தவர்கள், பிள்ளைகள் ஒவ்வொருவராக ஒன்டாரியோவுக்குக் குடிபெயர்வதைப் பார்த்தபடி தனியே முதுமை எய்தினார்கள். அந்த இழப்பைச் சிறிதாக்கிப் பேசக் கூடாது.

கடைப் பலகையில் பிரெஞ்சு தவிர வேறு மொழியே இருக்கக் கூடாது என்ற தடை எல்லை மீறியது. 1988இல் உச்ச நீதிமன்றம் அது செல்லாது என்றது. முதல்வர் ரொபேர் புராசா உரிமைகளை மீறும் சட்டத்தையும் நடைமுறையில் வைத்திருக்க இடம் தரும் அரசியல் சாசனத்தின் விதிவிலக்குப் பிரிவைப் பயன்படுத்தித் தடையைக் காப்பாற்ற முனைந்தபோது, ஆங்கிலம் பேசும் அமைச்சர்கள் மூவர் பதவி விலகினார்கள். பிரெஞ்சு எழுத்துத் தெளிவாக மேலோங்கியிருந்தால் பிற மொழியும் இருக்கலாம் என்று 1993இல் சட்டம் தளர்த்தப்பட்டது. குடியேறியவர்களின் பிள்ளைகளைப் பிரெஞ்சுப் பள்ளிக்கு அனுப்பச் சொல்லும் விதியையும் வேலையிட விதியையும் நான் முழு மனத்தோடு ஆதரிக்கிறேன். பலகையிலிருந்து ஒரு மொழியைத் துடைத்தெறிவதை ஆதரிக்க முடியாது.

கேள்வி: கியூபெக்குக்கு வெளியே பிரெஞ்சு பேசுவோரின் நிலை என்ன?

பதில்: கியூபெக்காரர்களின் அச்சத்துக்குப் பாதிக் காரணம் அங்கேதான் இருக்கிறது. மானிட்டோபா மாநிலம் 1890இல் பிரெஞ்சின் ஆட்சிமொழித் தகுதியைப் பறித்தது. அது செல்லாது என்று உச்ச நீதிமன்றம் சொன்னது 1979இல்தான். ஒன்டாரியோ 1912இல் 17ஆம் விதியைக் கொண்டுவந்து, முதல் இரண்டு வகுப்புகளுக்கு மேல் பிரெஞ்சில் பாடம் நடத்தக் கூடாது என்றது. ஒட்டாவாவின் கீக் பள்ளியில் டெலோஜ் சகோதரியர் இருவர் அதை மீறிப் பாடம் நடத்தினார்கள். அவர்களை வெளியேற்ற அதிகாரிகள் வந்தபோது, 1916 ஜனவரிக் குளிரில் பிள்ளைகளின் தாய்மார்கள் வாசலில் காவல் நின்றார்கள். தொப்பியைக் கூந்தலோடு சேர்த்துக் குத்தும் நீண்ட ஊசிகளே அவர்களுக்கு ஆயுதம். இன்று நியூ பிரன்ஸ்விக் ஒன்றுதான் இருமொழி மாநிலம். 2021 கணக்கின்படி இரண்டு மொழியும் பேசத் தெரிந்தவர்கள் கியூபெக்கில் ஏறத்தாழ 46 விழுக்காடு. பிற பகுதிகளில் 10 விழுக்காடுகூட இல்லை. இருமொழியின் சுமை யார் தோளில் ஏறியிருக்கிறது என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை.

கேள்வி: நாங்கள் அண்மையில் மாண்ட்ரியலில் குடியேறியவர்கள். எங்கள் மகளை ஆங்கிலப் பள்ளியில் சேர்க்க முடியாது என்கிறார்கள். இந்தச் சண்டையில் எங்களை ஏன் இழுக்க வேண்டும்?

பதில்: பெற்றோரில் ஒருவராவது கனடாவில் தொடக்கக் கல்வியின் பெரும்பகுதியை ஆங்கிலத்தில் படித்திருந்தால்தான், அரசு உதவி பெறும் ஆங்கிலப் பள்ளியில் பிள்ளையைச் சேர்க்கும் உரிமை பொதுவாகக் கிடைக்கும். 1960களில் பிரெஞ்சுக் குடும்பங்களில் பிறப்பு விகிதம் சரிந்தது. குடியேறியவர்களில் பெரும்பாலோர் பிள்ளைகளை ஆங்கிலப் பள்ளிக்கு அனுப்பினார்கள். இப்படியே போனால் மாண்ட்ரியல் கைவிட்டுப் போகும் என்ற கவலையில்தான் விதி பிறந்தது. கியூபெக் கனடாவிலிருந்து பிரிவதா என்று நடந்த 1995 வாக்கெடுப்பில் பிரிவினை 50.58க்கு 49.42 என்ற நூலிழையில் தோற்ற இரவில், முதல்வர் ஜாக் பரிசோ பணத்தின் மீதும் பிற இனத்தவரின் வாக்குகளின் மீதும் பழி போட்டார். குடியேறியவர்கள் மனத்தில் அது ஆறாத வடுவாயிற்று. மறுநாளே அவர் பதவி விலகலை அறிவித்தார்.

உங்கள் மகளைப் பற்றி நான் கவலைப்பட மாட்டேன். அந்த நகரில் பிரெஞ்சுப் பள்ளிக்குச் செல்லும் பிள்ளைகளுக்கு ஆங்கிலமும் கைவந்துவிடுகிறது. கவலை உங்களைப் பற்றியதுதான். 2022இல் வந்த சட்டம், சில விலக்குகள் நீங்கலாக, குடியேறி ஆறு மாதம் கழிந்ததும் அரசு உங்களோடு பிரெஞ்சிலேயே தொடர்புகொள்ளும் என்கிறது. பகல் முழுதும் வேலை பார்த்துக் குடும்பத்தையும் கவனிப்பவருக்கு அந்தக் கால அளவு போதாது. இதை நீட்டிக்கக் கோருவது நியாயமே. அதுவரை காத்திராமல், பிரான்சிசாசியோன் கியூபெக் என்ற அரசு அமைப்பு நடத்தும் கட்டணமில்லா வகுப்புகளில் கணவன், மனைவி இருவரும் பெயர் பதிவு செய்துகொள்ளுங்கள்.