ஆர்எக்ஸ்100: ஜூம் செய்தால் படம் ஏன் கலங்குகிறது?

நண்பரின் பழைய சோனி ஆர்எக்ஸ்100 கேமரா (முதல் மாடல்) கல்யாண மண்டபத்தில் ஜூம் செய்தால் கலங்கலாக எடுக்கிறது, விலைக்கு வாங்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். அது கோளாறு இல்லை, லென்ஸின் குணம். ஜூம் இல்லாத 28 மி.மீ.யில் எஃப்1.8 இருப்பது (எஃப் என்பது லென்ஸ் திறப்பின் அளவு, எண் கூடினால் திறப்பு சிறிது) முழு ஜூமான 100 மி.மீ.யில் எஃப்4.9 ஆகிவிடும், வெளிச்சம் ஏழில் ஒரு பங்குதான் உள்ளே வரும். அதை ஈடுகட்ட ஷட்டர் அதிக நேரம் திறந்திருக்கிறது, ஆள் அசைகிறார், படம் போச்சு.

ஜூமைத் தொடாமல் நாலடி முன்னே போங்கள். எஸ் மோடில் (ஷட்டர் வேகத்தை நாமே வைக்கும் முறை) 1/125 நொடி, ஐஎஸ்ஓ (ஒளி உணர்திறன்) 1600, போதாவிட்டால் 3200. ஒரு இன்ச் சென்சார் (படத்தைப் பதியும் சில்லு) அதைத் தாங்கும். கூரை தாழ்வாகவும் வெள்ளையாகவும் இருந்தால், எழும்பும் ஃபிளாஷை விரலால் பின்னுக்குச் சாய்த்துப் பிடியுங்கள், முகத்தில் பளீர் அடிக்காது.

கண்ணை வைத்துப் பார்க்கும் வியூஃபைண்டர் கிடையாது, வெயிலில் திரை மங்கும். வாங்கும் முன் எஃப்11 வைத்து வெள்ளைச் சுவரை எடுத்துப் பாருங்கள். கரும்புள்ளி தெரிந்தால் சென்சாரில் தூசி. லென்ஸ் கழற்ற முடியாத கேமரா, பிரித்துத்தான் துடைக்க வேண்டும். அந்தச் செலவுக்கு வேறு பீஸ் தேடலாம்.